பாம் ஷெல்டரில் மூன்று பெட்டி

குழு: நம்ம குடும்பம் (அங் மோ கியோ – பொங்கோல்)
சனிக்கிழமை, காலை 9:12

சித்தி: எல்லாருக்கும் காலை வணக்கம். தீபாவளிக்கு முன்னால் பாம் ஷெல்டரை ஒழித்துக்கொண்டிருக்கிறேன். குண்டு விழுந்தால் ஒளிய என்று கட்டிக்கொடுத்த அறைக்குள் ஒரு ஆள் நிற்க இடமில்லை. நாளைக்கே குண்டு விழுந்தால் காமிக்ஸ் பிழைத்துக்கொள்ளும், நாங்கள் மூவரும் ஹாலில் நிற்க வேண்டியதுதான்.

சித்தி: (படம்)

அம்மா: அடேயப்பா, மூன்று பெட்டியா!

சித்தி: மூன்று, அக்கா. அரிசி மூட்டை, மடக்கு மேசை, விருந்தாளி மெத்தை எல்லாம் வெளியே கிடக்கின்றன. இரண்டு இருக்கட்டும், ஒன்று போகட்டும் என்று உங்கள் கொழுந்தனாரிடம் சொல்லிவிட்டேன். பழைய சாமான் எடுக்கிற காராங் கூனிக்காரர் பதினொரு மணிக்கு வருகிறார்.

சித்தப்பா: அது என்ன கிலோ கணக்கில் போடுகிற சாமானா?

சித்தி: அவருக்கு எல்லாம் பழைய பேப்பர்தான்.

கதிர்: சித்தி, வேண்டாம் லா! நேற்று ராத்திரிதான் தேசிய சேவை முகாமிலிருந்து வந்தேன், இன்னும் கண்ணே திறக்கவில்லை. எந்தப் பெட்டி போகிறது?

சித்தப்பா: அதைத்தான் யோசிக்கிறேன். முதல் பெட்டியில் பேட்மேன், சூப்பர்மேன், வொண்டர் வுமன் மூவரையும் புதிதாகச் சொல்கிற அப்சலூட் வரிசையும் அல்டிமேட் ஸ்பைடர்மேனும். இரண்டாவது முழுக்க எக்ஸ்மென். மூன்றாவது அமேசிங் ஸ்பைடர்மேன், 2008 தொடங்கி.

கதிர்: முதல் பெட்டியைத் தொட்டால் நான் இன்றைக்கே முகாமுக்குத் திரும்பிவிடுவேன்.

அம்மா: போயேன். ஒரு வாளித் துணி மிச்சம்.

அம்மா: அப்படி என்னடா அதில்? பேட்மேன்தானே? பணக்கார வீட்டுப் பையன், அப்பா அம்மாவைச் சுட்டுவிடுவார்கள், இவன் வௌவால் வேஷம் போடுவான். எனக்கே தெரியும்.

கதிர்: அதுதான் இல்லை அம்மா. அப்சலூட் பேட்மேன் 2024 அக்டோபரில் தொடங்கியது. ஸ்காட் ஸ்னைடர் எழுத்து, நிக் டிராகோட்டா படம். இதில் பேட்மேனாகிற புரூஸிடம் காசே இல்லை. மாளிகை இல்லை, குகை இல்லை. நகராட்சியில் பொறியாளர் வேலை. அப்பா பள்ளி ஆசிரியர், மாணவர்களை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போன இடத்தில் துப்பாக்கிச்சூட்டில் இறந்துபோகிறார். நெஞ்சில் இருக்கிற வௌவால் சின்னத்தைக் கழற்றினால் அது கோடாரி. வண்டி என்று பார்த்தால் சுரங்கத்தில் மண் அள்ளிப் போகிற ராட்சத லாரி!

அம்மா: அம்மா?

கதிர்: அம்மா மார்த்தா உயிரோடு இருக்கிறார்.

அம்மா: உயிரோடு இருக்கிறாளா! அப்புறம் எப்படி ராத்திரி இரண்டு மணிக்கு இவனை வெளியே விட்டாள்?

சித்தப்பா: அண்ணி, ஒரே வரியில் பிடித்துவிட்டீர்கள். பழைய பேட்மேனிடம் யாரும் "எங்கே போகிறாய்" என்று கேட்க மாட்டார்கள். ஆல்ஃபிரட் கேட்டாலும் அவர் சம்பளத்துக்கு இருக்கிறவர். இந்தப் பையனுக்குக் கேட்க ஆள் இருக்கிறது. அடிபட்டு வந்தால் முகத்தை மறைக்க வேண்டும். எனக்குக் கோடாரியைவிட அதுதான் பிடித்தது.

சித்தப்பா: இன்னொன்று, அவனுடைய சிறுவயதுக் கூட்டாளிகள். வேலன் ஜோன்ஸ், ஆஸ்வால்ட், ஹார்வி, எட்டி, செலினா. ஒன்றாக உட்கார்ந்து சீட்டு விளையாடுகிறார்கள். பழைய கதையில் இவர்கள் எல்லாரும் பேட்மேனின் எதிரிகள், அது தெரிந்தவனுக்கு இந்தப் பெயர்களைப் பார்த்ததுமே வயிறு கலங்கும். பின்னால் பேன் என்கிற வில்லன் வந்து அவர்களை என்ன செய்கிறான் என்று படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சித்தி: அன்றைக்கு மீன் குழம்பு. உப்பு அதிகம் என்றீர்கள்.

கதிர்: 😂

சித்தப்பா: குறையும் உண்டு கதிர். ஸ்னைடருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. போன இதழில் ஒரு குடம் ரத்தம் என்றால் இந்த இதழில் இரண்டு குடம். சீட்டாட்டப் பக்கங்கள் மாதிரி இன்னும் நாலு பக்கம் கொடுத்திருக்கலாம்.

கதிர்: சூப்பர்மேனை விட்டுவிட்டீர்கள்.

சித்தப்பா: அப்சலூட் சூப்பர்மேன் நல்ல யோசனை. கிரிப்டானிலேயே உழைப்பாளிக் குடும்பம், பூமிக்கு வரும்போது கைக்குழந்தை இல்லை, விவரம் தெரிந்த பையன். இங்கே வந்து சுரங்கத் தொழிலாளிகள் பக்கம் நிற்கிறான். ஆனால் ஆரம்ப இதழ்கள் நகரவே இல்லை. மூன்றில் எனக்கு முதலிடம் வொண்டர் வுமன்தான். கெல்லி தாம்சன் எழுத்து, ஹேடன் ஷெர்மன் படம். அமேசான் தீவு கிடையாது. பாதாளத்தில் சர்சி என்கிற சூனியக்காரி எடுத்து வளர்த்த பிள்ளை. அப்படி வளர்ந்தும் அவளிடம் கசப்பே இல்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கவனிக்கிற மாதிரி எல்லாரிடமும் பேசுகிறாள். ஒருவனைப் பாதாளத்திலிருந்து மீட்டு அனுப்பத் தன் கையையே கொடுத்துவிட்டு, மந்திரக் கையோடு இருக்கிறாள்.

தாத்தா: கை போனதா? இது எங்கள் இரும்புக்கை மாயாவி அல்லவா.

கதிர்: தாத்தா வந்துவிட்டார்!

தாத்தா: 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் புத்தகமே அதுதான். சிவகாசியில் அச்சடித்தார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. ஆய்வுக்கூட விபத்தில் அவனுக்கு வலது கை போய் இரும்புக் கை வைப்பார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். இருட்டில் ஒரு கை தனியாகப் போய் லாக்கரைத் திறக்கிற படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சுவிட்ச் போடப் பயந்தேன்.

சித்தப்பா: அவனுக்கும் ஸ்பைடர்மேனுக்கும் ஒரே வயது அப்பா. இரண்டு பேரும் 1962-இல் வந்தவர்கள், அவன் லண்டனில், இவன் நியூயார்க்கில்.

தாத்தா: இங்கே வரும்போது அந்தப் புத்தகத்தைத் துணிக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன். 94-இல் தோ பாயோவிலிருந்து வீடு மாறியபோது காணாமல் போய்விட்டது. அன்றைக்கே உன்னைத்தான் கேட்டேன்.

சித்தப்பா: அப்பா, முப்பது வருஷமாகச் சொல்கிறேன், நான் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

தாத்தா: சரி சரி.

அம்மா: சிங்கப்பூர்க்காரர் யாரும் இதையெல்லாம் வரைவதில்லையா?

சித்தப்பா: சன்னி லியூ இருக்கிறாரே. சிரம்பானில் பிறந்தவர், இங்கேதான் இருக்கிறார். 2015-இல் பேட்மேனை வெளியிடுகிற டிசிக்காக டாக்டர் ஃபேட் வரைந்தார். காலித் நாசூர் என்று எகிப்திய வேர் உள்ள மருத்துவ மாணவன். பளபளப்பு இல்லாத கோடு, எனக்கு மிகவும் பிடிக்கும்.

நிலா: சித்தப்பா, மூன்றாவது பெட்டியைப் போட்டுவிடுங்கள். மிஸ் மார்வெல் கமலா கானைக் கொன்ற இதழ் அதில்தானே இருக்கிறது.

சித்தப்பா: அமேசிங் ஸ்பைடர்மேன் 26, 2023. ஆமாம், அதில்தான்.

நிலா: அவளுடைய புத்தகத்தில் செத்திருந்தால்கூட அழுதுவிட்டு விட்டிருப்பேன். ஸ்பைடர்மேன் புத்தகத்தில், அவன் பழைய காதலி மேரி ஜேன் உருவத்தில் மாறி நின்று செத்தாள். சாகும்போது அவள் முகம்கூட அவளுடையது இல்லை! ஜெர்சி சிட்டியில் பள்ளிக்கூடம், வீட்டில் அம்மா திட்டு, பள்ளிவாசல், தோழிகள் என்று 2014-இலிருந்து சொந்தமாக ஒரு உலகம் வைத்திருந்த பெண். அவளை இன்னொருவன் சோகத்துக்கு ஊறுகாய் ஆக்கிவிட்டார்கள்.

கதிர்: அதே வருஷம் திரும்பி வந்துவிட்டாளே.

நிலா: அதுதான் இன்னும் கோபம். தொலைக்காட்சித் தொடரில் 2022-இல் அவளை மியூட்டன்ட், அதாவது எக்ஸ்மென் இனம் என்று சொல்லிவிட்டார்கள். காமிக்ஸில் அவள் இன்ஹியூமன் என்கிற வேறு இனம். அதனால் இங்கே கொன்று, எக்ஸ்மென் தீவில் எழுப்பி, மியூட்டன்ட் என்று சீட்டு ஒட்டிவிட்டார்கள். ஆவணத்தில் பெயர் திருத்த ஒரு கொலை.

சித்தப்பா: நிலா, இதற்கு என்னிடம் பதிலே இல்லை. எக்ஸ்மென்காரர்கள் 2019-இலிருந்து அந்தக் கிராக்கோவா தீவில் சாவையே ஒழித்து வைத்திருந்தார்கள். யார் செத்தாலும் முட்டையிலிருந்து எழுந்து வருவார்கள். முதலில் பிரமித்தேன், போகப் போகச் சாவுக்கு மதிப்பே போய்விட்டது. 2024-இல் முடித்துவைத்தது நல்லதுதான்.

சித்தி: 10:20 ஆகிவிட்டது. முடிவு?

சித்தப்பா: மூன்றாவதுதான் போக வேண்டும். மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

சித்தி: ஏன்?

சித்தப்பா: ஸ்பைடர்மேன் பீட்டருக்கு 1987-இல் மேரி ஜேனோடு கல்யாணம் ஆயிற்று. இருபது வருஷம் குடும்பம் நடத்தினான். 2007-இல் மே அத்தை உயிரைக் காப்பாற்ற மெஃபிஸ்டோ என்கிற பிசாசிடம் அந்தக் கல்யாணத்தையே கொடுத்துவிட்டான். நடந்ததே இல்லை என்று அழித்துவிட்டார்கள். நம் கல்யாணமும் அதே 2007. நான் வாடகை, தவணை, பால் பவுடர் என்று போகப் போக, அவன் மட்டும் மறுபடி தனிக்கட்டையாக வேலை இல்லை, காசு இல்லை என்று சுற்றிக்கொண்டிருந்தான். அடுத்த மாதமாவது வளர்வான் என்று வாங்கினேன். வளரவே விடவில்லை. பெட்டி நிறைந்ததுதான் மிச்சம்.

சித்தி: கல்யாண வருஷம் உங்களுக்கு மறக்காமல் இருப்பது இதனால்தானா?

அம்மா: 🤭

சித்தப்பா: 2024 ஜனவரியில் வேறு உலகத்துக் கதையாக அல்டிமேட் ஸ்பைடர்மேன் வந்தது. ஹிக்மன் எழுத்து, செக்கெட்டோ படம். பீட்டருக்கு முப்பது தாண்டிவிட்டது, மேரி ஜேன் மனைவி, இரண்டு பிள்ளைகள். பென் பெரியப்பா சாகவில்லை, ஜேமிசனோடு சேர்ந்து தனியாகப் பத்திரிகை தொடங்குகிறார். முதல் இதழின் கடைசியில்தான் சிலந்தி கடிக்கிறது. அதுவும் தற்செயலாக இல்லை, தெரிந்தே கையை நீட்டுகிறான். அதைப் படித்தபோது பாப்பா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பதினேழு வருஷம் காத்திருந்தது இதற்குத்தான்.

கதிர்: சித்தப்பா, அப்படியென்றால் மூன்றாவது போகட்டும். எடுத்துக் கீழே வைக்க நான் வருகிறேன். பஸ் ஏறினால் அரை மணி நேரம்.

நிலா: 26-ஆம் இதழை மட்டும் எனக்கு எடுத்து வையுங்கள். நானே கிழிக்க வேண்டும்.

சித்தி: வேண்டாம் கதிர், நானே காலி பண்ணுகிறேன். உள்ளே கரப்பான் இருந்தால் பெட்டியோடு அனுப்ப முடியாது.

சித்தி: பாதி எடுத்துவிட்டேன்.

சித்தி: என்னங்க, அடியில் மஞ்சள் துணிப்பையில் சுற்றி ஒன்று இருக்கிறது. சின்னப் புத்தகம், தமிழ். அட்டை கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. மேலே ஒரு இரும்புக் கை படம். உள்பக்கத்தில் மாமா கையெழுத்து. இது யாருடையது?

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

கதிர்: சித்தப்பா 😱

சித்தி: (படம்)

தாத்தா: பொங்கோலுக்கு எந்த பஸ்?