படகு டிரெய்லருக்கு எலக்ட்ரிக் வின்ச்: எத்தனை கிலோ இழுவை வேணும்?

கேள்வி: ஃபைபர் படகு, எஞ்சின், பெட்ரோல் சேர்த்து 900 கிலோ. டிரெய்லரில் ரோலர் இல்லை, கம்பளம் ஒட்டிய பலகைதான். சிங்கப்பூர் சாங்கி பக்கம் ஏத்தி இறக்க எந்த 12 வோல்ட் வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்) சரிவரும்?

பதில் 1: பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் படகு எடையை நம்பாதீங்க, நேர் இழுவையை, அதாவது கயிறு நேரா இழுக்கும் பலத்தைப் பாருங்க. 8-க்கு 1 சரிவில் எடை மட்டும் 112 கிலோ இழுக்கும். ஈரக் கம்பளத்தின் உராய்வு இன்னொரு 270 கிலோ வரை வரும். வின்ச்சில் போட்டிருக்கும் இழுவை அளவு, டிரம்மில் (கயிறு சுற்றும் உருளை) முதல் சுற்றுக்குத்தான். கயிறு சுற்றச் சுற்ற இழுவை குறையும். படகு முழு எடையோடு பலகையில் ஏறும் கடைசி நேரத்தில்தான் அது ரொம்பக் குறைவு. அதனால 900 கிலோ நேர் இழுவை எடுங்க.

பதில் 2: ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். வின்ச் எடுப்பது 70 ஆம்பியர், ஒயர் போக வர 10 மீட்டர்னா: 6 சதுர மி.மீ. ஒயரில் 2 வோல்ட் போயிடும், 16-இல் 0.8-தான். பிரேக்கர் (கரண்ட் அதிகமானா துண்டிக்கும் ஸ்விட்ச்) பேட்டரி பக்கத்திலேயே இருக்கட்டும். இழுக்கும்போது கார் எஞ்சின் ஓடணும்.

பதில் 3: நம்ம உப்புக்காற்றுக்கு இரும்புக் கம்பி வடம் உள்சுற்றிலிருந்தே துருப்பிடிக்கும். சிந்தெடிக் கயிறு போட்டு, ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணியில் கழுவுங்க. ரோட்டில் போகும்போது வின்ச்சை நம்பாம, படகின் முன்வளையத்தில் தனிச் சங்கிலி மாட்டுங்க அண்ணே.