உண்ணிச்செடி எடுக்க ஆள் விடும்போது: பெங்களூர்ப் பக்கத்து அனுபவங்கள்

நிலத்தில் மண்டிய உண்ணிச்செடியை (லன்டானா; சுருக்கமாக உண்ணி) கூலி ஆள் வைத்து எடுத்தவர்கள் சொல்வது இது. பெயருக்குப் பதில் அவரவர் ஊர்.

கனகபுரா ரோடு:
ஏக்கருக்கு இவ்வளவு என்று மட்டும் பேசினால் ஆட்கள் தரையோடு வெட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பார்க்கச் சுத்தம்தான். அடுத்த மழைக்கு ஒரு தண்டு நின்ற இடத்தில் புதராகத் துளிர்க்கும், ஏனென்றால் துளிர் வருவது தண்டும் வேரும் சேரும் கழுத்திலிருந்து. அதற்குக் கீழே, மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரைப் பிக்காசியால் வெட்டி, புதரைத் தூக்கி வேர் வானம் பார்க்கக் கவிழ்க்க வேண்டும். ஈர மண்ணில் தண்டு பட்டால் அங்கேயே வேர் பிடிக்கும். பாறை இருந்தால் அதன்மேல் போடச் சொல்லுங்கள்.

முதலில் கால் ஏக்கரை நாள்கூலிக்கு எடுக்கவிட்டு எத்தனை ஆள் பிடிக்கிறது என்று எண்ணிவிட்டு, பிறகு மொத்தத்துக்குப் பேசலாம். பணத்தில் கால் பங்கை அடுத்த மழை முடிந்து துளிர் பார்க்கும்வரை நிறுத்தி வையுங்கள். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும், கடைசியில் சொன்னால் சண்டைதான்.

ஆனேக்கல்:
ஜேசிபி வேண்டாம். மண்ணைக் கிளறினால் உள்ளே கிடக்கும் உண்ணி விதை நிறைய முளைக்கும். நம்மூர்ச் செடிகளான களா, காரை, விராலிக் கன்றுகளும் கூடவே போய்விடும். பிரஷ் கட்டர் (புதர் வெட்டும் கை மெஷின்), உள்ளே போகப் பாதை வெட்ட மட்டும். காப்பாற்ற வேண்டிய கன்றுகளுக்கு முந்தின நாளே சிவப்புத் துணி கட்டுங்கள். தமிழ்ப் பெயர் சொன்னால் ஆட்களுக்குப் புரியாது: விராலி கன்னடத்தில் பந்தரே, ஆவாரை ஆவரிக்கே. மரத்தில் கை வைப்பது வேறு கதை. 1976 கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி பெரும்பாலான மரங்களுக்கு மர அதிகாரியின் அனுமதி வேண்டும், சொந்த நிலமானாலும்.

நந்தி மலைப் பக்கம்:
எல்லாம் சரி, ஒரேயடியாக மொட்டையடித்துவிடாதீர்கள். உண்ணி கெட்ட செடிதான். ஆனாலும் கவுதாரி, தவிட்டுக்குருவி, கதிர்க்குருவியெல்லாம் இன்றைக்கு ஒளிவது அதற்குள்தான். வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, அதுவும் திட்டுத் திட்டாக. எடுத்த இடத்தில் ஆவாரையும் விராலியும் இடுப்பளவு வந்த பிறகு அடுத்த திட்டு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வசதி: மண்ணில் ஈரம் இருக்கும், கூடுகளும் குறைவு. பழம் கறுத்த கிளைகளை ஒரே இடத்தில் குவித்தால் முளைப்பதும் ஒரே இடத்தில் முளைக்கும். (மற்ற இடத்துக்கெல்லாம் கொண்டைக்குருவி கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், அதை யார் தடுக்க?)

சருகைக் கூட்டிக் கொளுத்துவதைக் காண்ட்ராக்டர்கள் இலவச சேவையாகவே செய்வார்கள். கறாராகத் தடுங்கள். குளிர்காலத்தில் வரும் ஆறுமணிக்குருவி அந்தச் சருகைப் புரட்டித்தான் இரை தேடும்.

கனகபுரா ரோடு:
ஒன்று விட்டுப்போயிற்று. நாற்றுகளைக் கையால் பிடுங்க இரண்டு மழைக்காலத்துக்காவது அதே ஆட்கள் திரும்ப வர வேண்டும். அந்தக் கூலியையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கம்பூட்டும் தோல் கையுறையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். புதரைத் தொடுவதற்கு முன்னால் நீளக் கம்பால் அடியில் தட்டச் சொல்லுங்கள், கண்ணாடி விரியன் இருக்கும் இடம் அது.