ஜெப சால்வை: 57 கண்ணி போட்டும் அகலம் வரவில்லை

குன்னூர்ப்பனி:
சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நோயாளிகளுக்கும் துக்க வீட்டாருக்கும் கொடுக்க ஜெப சால்வை பின்னுகிறோம். அமெரிக்கக் குறிப்பில் 11ஆம் நம்பர் ஊசி, 57 கண்ணி (ஊசியில் ஏற்றும் நூல் வளையம்), மூன்று நிட் (நேர்ப் பின்னல்) மூன்று பர்ல் (புரட்டுப் பின்னல்) என்று இருக்கிறது. அப்படியே செய்தால் ஒரு சாண் அகலம்தான் வருகிறது, அதுவும் அட்டை மாதிரி விறைப்பாக. நூல் சாதாரண ஸ்வெட்டர் அக்ரிலிக். கம்பளி நூல்தான் வாங்க வேண்டுமா?

ஊசிமுனை:
அக்ரிலிக்கில் தவறில்லை சிஸ்டர், ஊசியில்தான். அமெரிக்க 11 என்பது 8 மி.மீ. நம் ஊர்க் கடைகளில் ஓடுவது பழைய பிரிட்டிஷ் நம்பர். அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அந்த 11 வெறும் 3 மி.மீ. கடையில் 0 நம்பர் என்று கேளுங்கள், அதுதான் 8.

ஜெப சால்வை, 1998இல் அமெரிக்காவில் ஜேனட் பிரிஸ்டோ, விக்டோரியா காலோ என்ற இரு பெண்கள் தொடங்கிய ஊழியம். அந்தக் குறிப்பு தடித்த நூலுக்கானது. ஸ்வெட்டர் நூல் என்றால் இரண்டு இழை சேர்த்து அந்த 0 நம்பர் ஊசியில் 63 கண்ணி போடுங்கள். அரை கிலோவுக்கு மேல் ஆகும். ஒற்றை இழை என்றால் 5 நம்பர் ஊசி (5.5 மி.மீ.), 99 கண்ணி, சுமார் 350 கிராம். நீளம் ஒன்றரை மீட்டர் போதும். நூல் முழுவதையும் ஒரே சாயத் தொகுதியில் (ஒரே தடவையில் சாயம் ஏற்றியது) வாங்கிவிடுங்கள்.

எண்ணிக்கையை 60 ஆக்கிவிடாதீர்கள். மூன்றால் வகுத்தால் ஒற்றைப்படை வர வேண்டும். அப்போதுதான் எல்லா வரியும் மூன்று நிட்டில் தொடங்கி மூன்று நிட்டில் முடியும். நிட் மேல் பர்ல் மாறி மாறி விழுந்து துணி சுருளாமல் தட்டையாக நிற்கும். இரட்டைப்படை வந்தால் ஸ்வெட்டர் மணிக்கட்டுப் பட்டி போல வரிவரியாக இழுத்துக்கொள்ளும், அகலம் போய்விடும்.

கோத்தகிரிமேடு:
அக்ரிலிக்கா கம்பளியா என்பது சால்வையைப் பெறப்போகிறவரைப் பொறுத்தது. ஆஸ்பத்திரிக்கு அக்ரிலிக், அடிக்கடி துவைக்கலாம், ஆடி மழையிலும் சீக்கிரம் காயும். அதன் மேல் இஸ்திரி மட்டும் வைக்காதீர்கள், துவண்டு பளபளத்துப்போகும், பிறகு மீளாது. ஆனால் கரி அடுப்பருகே குளிர்காயும் பாட்டிமார்களுக்கு அக்ரிலிக் கொடுக்கவே கூடாது. தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி எளிதில் பற்றாது, பற்றினாலும் கருகி அணையும். கம்பளியை வெந்நீரில் அலசினால் சுருங்கிவிடும், அதைச் சால்வையோடு கொடுக்கும் சீட்டில் தமிழில் எழுதி வையுங்கள்.

டிரிப் ஏறுகிறவர்களுக்குக் குஞ்சம் வேண்டாம், குழாயில் மாட்டும்.

ஊசிமுனை:
இன்னொன்று. ஒரே சால்வையைக் கைமாற்றிப் பின்ன வேண்டாம். ஒருவர் கை இறுக்கம், அடுத்தவர் கை தளர்வு. ஓரம் பாம்பு மாதிரி நெளியும். எல்லோர் கையும் படவேண்டும் என்றால் பின்னி முடித்தபின் சுற்றி நின்று கைவைத்து ஜெபியுங்கள். சால்வை பெறுகிறவரின் வியாதியைச் சபை அறிவிப்பில் வாசிப்பதும் வேண்டாம், அவர் சம்மதித்தாலொழிய.

குன்னூர்ப்பனி:
நன்றி. பின்னியதைப் பிரித்து அதே நூலைப் போடலாமா? ஒரு முழம் வந்திருக்கிறது.

ஊசிமுனை:
தாராளமாக. பிரித்ததைச் சிட்டமாகச் சுற்றி நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி ஊறவைத்துத் தொங்கவிடுங்கள். சுருக்கம் முழுவதும் போகாது, இரண்டு இழை சேர்க்கும்போது தெரியாது.