புதுப்பிப்பு: வாசலருகே நின்ற நான்கு பேர்
சென்ற மாதம் எழுதியதைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன்: திருப்பூரில் உள்ள எங்கள் சபைக்கு வந்த ஜார்க்கண்டைச் சேர்ந்த பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் நால்வர், இருக்கைகள் காலியாக இருந்தும், மூன்று ஞாயிறுகள் வாசலருகே நின்றபடியே ஆராதித்துச் சென்றார்கள். ஒருவரும் அவர்களிடம் பேசவில்லை, நான் உட்பட.

அதன்பின் போதகர் ஐயா, ஏழையை 'அங்கே நில்' என்று சொல்வதைக் கண்டிக்கும் யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தைப் பிரசங்கத்திற்கு எடுத்தார். ஆனால் அதைவிட அதிகம் பலித்தது ஒரு வாழ்த்துச் சொல்தான். 1845இல் ஜெர்மனியிலிருந்து ராஞ்சிக்கு வந்த கோஸ்னர் மிஷனரிகளின் பணியில் உருவான லுத்தரன் சபையினர் அவர்கள் என்பதும், நாம் 'ஸ்தோத்திரம்' சொல்வதுபோல் அவர்கள் 'யேசு சகாய்' (இயேசுவே துணை) என்பார்கள் என்பதும் தெரியவந்ததும், வாசலில் வரவேற்கும் அக்கா அதையே சொல்லிக் கைகூப்பினார். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த இளையவர் பாதியில் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார்.

இப்போது ஒரு வேதபாடம் இந்தியிலும் வாசிக்கப்படுகிறது. வாசிப்பவர் அவர்களில் ஒருவரே. 'இது தமிழ்ச் சபை' என்று கமிட்டியில் எழுந்த முணுமுணுப்பு இன்னும் அடங்கவில்லை. ஏற்றுமதி ஆர்டர் நெருக்கடியால் சென்ற ஞாயிறு ஒருவருக்கு மட்டுமே விடுப்புக் கிடைத்தது; அவர் மூன்றாம் வரிசையில் எங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்தார்.