மறுமொழி: சைலன்சருக்குத் தமிழ்ச்சொல் – ‘வேட்டுத்தணிப்பி’ ஆகுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் உள்ள நம் பண்ணைக் குடும்பங்களுக்காக ஆங்கிலம், ஜூலு, தமிழ் மூன்றிலும் வரவிருக்கும் துப்பாக்கிப் பாதுகாப்புத் துண்டறிக்கையில் நம் பங்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. துப்பாக்கிக் குழல்முனையில் மாட்டும் சைலன்சர் வரும் இடங்கள் மட்டும் இன்னும் புள்ளிக்கோடாகவே கிடக்கின்றன. இதுவரை வந்த சொற்கள் ஒலியடக்கி, ஒலி ஒடுக்கி, சத்தமடக்கி, தணிப்பான். வெருலம் ஊர் அன்பர் ‘மௌனி’ என்று ஒன்று அனுப்பியிருக்கிறார். அழகான சொல்தான், ஏதாவது ஆசிரமத்துக்குக் கொடுத்துவிடலாம்.

நான் டர்பனுக்கு வடக்கே, வடகரையில் கரும்பு போடுகிறவன். காட்டுப்பன்றி இரவில் புகுந்தால் விடிவதற்குள் கரும்பு என்ன பாடு படும் என்பது இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் இந்தக் கருவி எனக்கு அகராதியில் மட்டும் பார்த்த பொருள் இல்லை. என் வாதம் இதுதான்: இந்தப் பெயர் அமைதியை வாக்களிக்கக் கூடாது. வாக்களித்தால் அதை நம்பி ஒருவன் காதைக் கெடுத்துக்கொள்வான்.

வேட்டைக்குப் பயன்படும் ரைபிளைச் சுடும்போது குழல்வாயருகே எழும் ஒலி 160 டெசிபலை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். நல்ல கருவி அதில் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். டெசிபல் மடங்குக் கணக்கில் ஏறுகிற அளவு என்பதால் 30 டெசிபல் குறைந்தாலே ஒலியின் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். பெரிய உதவிதான். ஆனால் மிஞ்சுவது அப்போதும் 130, 140 டெசிபல். நொடிக்கும் குறைவான வெடியோசைகளுக்குக் காது தாங்கும் எல்லையாக வைத்திருப்பதே 140தான். ‘அடக்கி’ என்று பெயர் வைத்துவிட்டு, கீழே ‘காதுக்கவசம் கட்டாயம்’ என்று எழுதினால் படிக்கிறவன் எதை நம்புவான்?

இந்தக் குழப்பத்துக்கு ஆங்கிலமே காரணம். 1909இல் ஹைரம் பெர்சி மாக்சிம் காப்புரிமை பெற்று, தன் சரக்குக்கு ‘மாக்சிம் சைலன்சர்’ என்று பெயரிட்டு விற்றார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மாக்சிமின் மகன் இவர். தகப்பன் உலகத்துக்குக் கொடுத்த இரைச்சலை மகன் கொஞ்சம் குறைக்கப் பார்த்தார் என்று சொல்லலாம். விற்கிறவன் வைத்த பெயர் அப்படித்தான் இருக்கும். பிறகு பிரிட்டனில் ‘மாடரேட்டர்’ என்றும் அமெரிக்காவில் ‘சப்ரஸர்’ என்றும் அடக்கமான பெயர்கள் வந்தன. மக்கள் வாயில் நின்றது பழைய பெயர்தான். தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. ‘புல்லட் சைலன்சர்’ என்று இணையத்தில் தேடிப்பாருங்கள், மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய்தான் வரிசையாக வந்து நிற்கும்.

இனி, கருவி தணிப்பது எதை என்று பார்க்க வேண்டும். துப்பாக்கி சுடும்போது எழுவது ஒரே ஓசை இல்லை. மருந்து எரிந்து உண்டான வாயு குழல்வாயிலிருந்து ஒரேயடியாக வெளிப்பாய்ந்து உண்டாக்கும் வேட்டு முதலாவது. குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறப்பதால், போகிற வழியெல்லாம் சாட்டை சொடுக்கியதுபோல் எழும் ஓசை இரண்டாவது. தோட்டா அறையை அடைக்கும் போல்ட்டின் உலோகச் சத்தமும் குண்டு போய்த் தைக்கும் சத்தமும் மூன்றாவது. கருவி கைவைப்பது முதலாவதில் மட்டும். அதன் உள்ளே அடுத்தடுத்து நிற்கும் தட்டுகளுக்கு இடையே வாயு சிறிது சிறிதாக விரிந்து, குளிர்ந்து, வேகம் இழந்து வெளியே வருகிறது. வேட்டை ரைபிளின் குண்டு நொடிக்கு 800 மீட்டர் அளவில் போகிறது. காற்றில் ஒலியின் வேகம் 340 மீட்டர்தான். குண்டு எழுப்பும் ஓசையைக் குழல்முனையில் மாட்டிய எந்தக் கருவியும் தொட முடியாது. ஆகவே ‘ஒலி’ என்று தொடங்கும் எல்லாச் சொற்களும் தேவைக்கு மேல் அகலமானவை.

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பக்கத்துப் பண்ணை ஆப்பிரிக்கானர்கள் (டச்சு வழிவந்த வெள்ளையர்கள்) தங்கள் மொழியில் இதை ‘க்னால்டெம்பர்’ என்கிறார்கள். க்னால் என்றால் வேட்டு, டெம்பர் என்றால் தணிப்பது. அவர்கள் அமைதி என்ற பேச்சையே எடுக்கவில்லை. நாம் அதைப் பெயர்த்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. துப்பாக்கி வேட்டு, அதிர்வேட்டு என்று நம்மிடம் ஏற்கெனவே உள்ள சொல்லே போதும். எனவே என் முன்மொழிவு: வேட்டுத்தணிப்பி.

சொல் நிற்குமா என்பது வாக்கியத்தில் வைத்தால்தான் தெரியும். துண்டறிக்கைக்காக நான் எழுதிப்பார்த்ததைக் கீழே தருகிறேன். துணைச் சொற்கள் சிலவற்றையும் நுழைத்திருக்கிறேன், வெட்டுவதானால் வெட்டுங்கள்.

“வேட்டுத்தணிப்பியை மாட்டவோ கழற்றவோ தொடங்கும் முன் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்துவிட்டு, போல்ட்டைத் திறந்து, தோட்டா அறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். கருவியைத் திருகும் கை குழல்வாய்க்கு முன்னால் போகக் கூடாது. குழல்முனை மரையும் தணிப்பியின் மரையும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கிட்டத்தட்டப் பொருந்துகிற மரையை வலிந்து திருகாதீர்கள். மரையில் மண்ணோ பழைய கரியோ இருந்தால் துடைத்துவிட்டு, வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். தணிப்பி குழலின் தோளில் (மரை முடியும் இடத்து விளிம்பில்) முழுவதுமாக உட்கார வேண்டும்.

“தணிப்பியின் துளை குண்டின் விட்டத்துக்கு ஏற்றதா, அந்தத் தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். பெரிய குண்டுக்கானதைச் சிறிய குண்டுக்குப் போடலாம். சிறியதற்கானதைப் பெரியதற்குப் போட்டால் கருவி பிளக்கும். மரை சற்றே கோணலாக வெட்டப்பட்டிருந்தாலும் குண்டு உள்தட்டில் இடிக்கும். புதிதாக மாட்டும்போது, போல்ட்டை வெளியே எடுத்துவிட்டு, குழலின் அளவுக்கேற்ற நேர்கோலைச் செலுத்தி, அது தணிப்பியின் துளை நடுவே வருகிறதா என்று சோதியுங்கள்.”

இந்த ‘உள்தட்டு இடி’ எனக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வாயுவை மறிப்பதால் தட்டுக்கு ‘மறிதட்டு’ என்று வைத்து, நேர்கின்ற விபத்தை ‘மறிதட்டு உரசல்’ எனலாமா? ஆனால் உரசல் என்றால் லேசாகத் தொனிக்கிறது. நிகழ்வதோ, முனை கிழிந்து கருவியே குண்டோடு பறந்துபோகக்கூடிய ஆபத்து. இடி என்றே இருக்கட்டும் என்று தோன்றுகிறது. மேலே தொடர்கிறேன்.

“தொடர்ந்து சில தோட்டாக்கள் சுட்டாலே தணிப்பி தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடேறும். வெறுங்கையால் தொடாதீர்கள், சூடு ஆறாமல் உறைக்குள் செருகாதீர்கள், குளிர்காலத்து உலர்ந்த புல்மேல் சாய்த்து வைக்காதீர்கள். சூட்டில் மரை தளரக்கூடும். இடையிடையே துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு இறுக்கத்தைச் சரிபாருங்கள். தணிப்பியை மாட்டினாலும் கழற்றினாலும் குண்டு படும் இடம் மாறும். எந்த நிலையில் வேட்டைக்குப் போகிறீர்களோ அந்த நிலையில் இலக்குத்தாளில் சுட்டுக் குறியைச் சரிசெய்த பிறகே விலங்கை நோக்குங்கள். கீழே விழுந்து அடிபட்ட தணிப்பியையும், உள்ளே மண்ணோ குளவிக்கூடோ இருக்கிறதா என்று பார்க்காத தணிப்பியையும் சுடப் பயன்படுத்தாதீர்கள்.”

பராமரிப்பில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் தவறுகிறார்கள். வேட்டை முடிந்ததும் தணிப்பியோடு அப்படியே பெட்டகத்தில் பூட்டிவிடுகிறார்கள். மருந்து எரிந்த வாயுவில் நீராவி உண்டு. அது குளிர்ந்து ஈரமாகிக் கரியோடு சேர்ந்து உள்ளேயே தங்கும். குழல்வாய்தான் முதலில் துருவேறும். டர்பன் கடற்கரைக் காற்றில் இதற்கு அதிக நாள் வேண்டியதில்லை. குழலின் மீது பின்னோக்கி நீண்டு அதைச் சூழ்ந்திருக்கும் வகை இங்கே பலரிடம் உண்டு. நீளம் கூடாமல் இருக்கும் என்பதற்காக வாங்குகிறார்கள். அதில் குழலின் வெளிப்புறமும் சேர்ந்து துருப்பிடிக்கும். இந்த வகைக்கு ‘குழல்சூழ் தணிப்பி’ என்று வைத்திருக்கிறேன். எந்த வகையானாலும் சூடு ஆறியதும் கழற்றி, துளை கீழே பார்க்கும்படி காற்றில் நிறுத்தி உலர்த்திய பிறகே எடுத்து வைக்க வேண்டும். குழல்முனை மரைக்கு மூடியிட வேண்டும், அதற்கு ‘மரைக்காப்பு’.

துப்புரவைப் பற்றியும் ஒரு பத்தி வேண்டும். 0.22 அங்குலத் தோட்டாவின் குண்டு பெரும்பாலும் உறையில்லாத ஈயம், மேலே மெழுகு. அந்தத் துப்பாக்கியின் தணிப்பிக்குள் ஈயம் அப்பிக்கொண்டே போகும். ஆகவே அதைப் பிரித்துச் சுத்தம் செய்யும்படி தயாரித்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்க வேண்டும். கையுறை போட்டு, அழுக்கை நனைத்த பிறகே சுரண்ட வேண்டும். உலர்ந்த ஈயத்தூள் மூச்சில் போகக் கூடாது. சமையலறைத் தொட்டியில் இந்த வேலை ஆகாது. வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊறவைக்கச் சொல்லும் குறிப்பு ஒன்று இணையத்தில் உலவுகிறது. ஈயம் பளிச்சென்று போகும் என்பது உண்மை. போகும்போது ஈய அசிடேட்டாகிப் போகிறது. நீரில் கரையும் நஞ்சு அது. துண்டறிக்கையில் இதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். அலுமினியக் கருவியைக் காரம் மிகுந்த துப்புரவு நீரில் போட்டால் உலோகமே அரிக்கும். பிரிக்க முடியாமல் மூடிய ரைபிள் தணிப்பிகளுக்கு அவ்வளவு பாடு இல்லை. வாங்கிய அன்று எடைபோட்டுக் குறித்து வைத்தால், பின்னாளில் உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

சட்டம் குறித்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ரைபிளுக்கு உரிமம் வேண்டும். தணிப்பிக்கு என்று தனி உரிமம் இந்த நாட்டில் இல்லை. வேறு நாட்டு உறவினர்களுக்கு இதை அனுப்பினால் அங்கே சட்டம் வேறு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
வடகரையிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

பொருள் விளக்கத்தில் எனக்குத் தடையில்லை. ஆனால் டர்பன் சாட்ஸ்வர்த்தில் என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு வேட்டு என்றால் தீபாவளி; பெரியவர்களுக்கோ ‘வேலைக்கு வேட்டு வைத்துவிட்டான்’ என்பது நினைவுக்கு வரும். அதோடு, ‘தணிப்பான்’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தாரே, அதை ஏன் விட்டீர்கள் என்று மற்றவர்கள் கேட்பார்கள்.

நானே பதிலும் சொல்லிவிடுகிறேன். தணிப்பான் இலக்கணப் பிழையில்லை. இருந்தாலும் ‘அவன் தணிப்பான்’ என்ற வினைமுற்றோடு குழம்பும். பெருக்கு என்பது பெருக்கி ஆனது எளிது. தணி என்பது இகரத்தில் முடிவதால் அந்த வழி அடைபடுகிறது. சுரப்பு சுரப்பியாகவும் ஏற்பு ஏற்பியாகவும் ஆனதைப் போலத் தணிப்பு தணிப்பியாகும். பாடநூல்களில் பழகிய தடம்தான். இடையில் ‘த்’ வேண்டுமா என்று வெருலம் அன்பர் தனி மடலில் கேட்டார். வேட்டு வன்றொடர்க் குற்றியலுகரம், வல்லினம் மிகும். ‘வேட்டு தணிப்பி’ என்று பிரித்து எழுதி ஒற்றை விழுங்கிவிடாதீர்கள்.

மறிதட்டு நன்றாக இருக்கிறது. ‘மறிதட்டு இடி’ என்றே வையுங்கள். குழல்சூழ் என்பதைக் கேட்டதும் மாணவர்கள் கூந்தலை நினைப்பார்கள், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

சாட்ஸ்வர்த்திலிருந்து

*

அனைவருக்கும் வணக்கம்.

நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க். அண்ணன் சொன்னதை எல்லாம் ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. பண்ணையில் என் தாத்தா ‘சைலன்சர்’ என்றுதான் சொல்வார், கடைக்காரரும் அப்படியே. ஆபத்தான பொருளைப் பற்றிய அறிக்கையில், படிப்பவருக்கு ஒரு நொடிகூட எதைச் சொல்கிறார்கள் என்ற ஐயம் வரக் கூடாது. புதுச்சொல்லை மட்டும் போட்டால் எங்கள் தாத்தா அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவார்.

*

தம்பி சொல்வது சரி. முதல் இடத்தில் ‘சைலன்சர் என்று நாம் சொல்லும் வேட்டுத்தணிப்பி’ என்று எழுதிவிடுகிறேன். படத்துக்குக் கீழே இரண்டு பெயரும் வரும். மற்ற இடங்களில் வேட்டுத்தணிப்பி, அல்லது சுருக்கமாகத் தணிப்பி.

சாட்ஸ்வர்த் அம்மாவின் தீபாவளி எதிர்ப்பு எனக்கு ஆதரவாகவே முடிகிறது. வேட்டு என்றதும் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள் அல்லவா, துப்பாக்கி அருகிலும் அதைத்தான் செய்ய வேண்டும். அறிக்கையின் முதல் வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: “வேட்டுத்தணிப்பி வேட்டைக் குறைக்கும், நீக்காது. சுடுபவரும் அருகில் நிற்பவரும் காதுக்கவசம் அணிய வேண்டும்.”

இதில் ‘வேட்டை’ என்ற இடத்தில் வேட்டுக்கு ஐ சேர்ந்ததா, மான் வேட்டையா என்ற மயக்கம் வருகிறது. வேட்டையைக் குறைக்கும் கருவி என்று படித்தால் ஒருவரும் வாங்கமாட்டார். ‘வேட்டொலியைக் குறைக்கும்’ என்று திருத்திவிட்டேன். வேறு தடை இல்லையென்றால் வெள்ளிக்கிழமை அச்சுக்கு அனுப்புகிறேன்.