உள் இன்டர்ஃபேஸ் மாத்தினப்போ எது காலை வாரிச்சு? பகிருங்க

சி_வாசகன்:
லினக்ஸ் கெர்னல்ல ஸ்டிரிங்கை நகலெடுக்கற ஸ்டிரெல்காப்பி (strlcpy) ஃபங்ஷன் 6.8-ல (2024) மொத்தமா போயிடுச்சு, இப்போ ஸ்டிரெஸ்காப்பி (strscpy) தான். இன்னும் உறுத்தறது ஒரே ஒரு வரி: நீளம் += ஸ்டிரெல்காப்பி(...). பழையது மூல ஸ்டிரிங்கோட முழு நீளத்தைத் திருப்பித் தரும். புதுசு, இடம் பத்தலைன்னா மைனஸ் 7-ங்கற எரர் எண்ணைத் தரும். பேரை மட்டும் மாத்தினா ஆஃப்செட் ஏழு பைட் பின்னால போய், அடுத்த காப்பி முன்னாடி எழுதினதை அழிச்சிடும். கம்பைலர் வாயே திறக்காது. ரிட்டர்ன் மதிப்பை சைஸாஃபோட (sizeof, பஃபரோட அளவு) ஒப்பிடற இடங்கள் தப்பிச்சிடும். ஏன்னா ஒப்பிடறப்போ அன்சைன்ட் (குறி இல்லாத எண்) ஆகி மைனஸ் 7 ராட்சச எண்ணாயிடும். அதனாலதான் ரிவ்யூ பண்றவங்க கண்ணு ஏமாறுது. ரிட்டர்ன் மதிப்பைத் தொடாத இடங்களை ஸ்கிரிப்ட் மாத்தட்டும். தொடற இடம் ஒவ்வொண்ணையும் கையால பாருங்க.

பேட்ச்பார்வை:
நான் பார்த்தது டைமர் கால்பேக், அதாவது நேரம் வந்ததும் கெர்னல் கூப்பிடற ஹேண்ட்லர் ஃபங்ஷன். 4.15-ல அதோட ஆர்க்யுமென்ட்டா இருந்த அன்சைன்ட் லாங் போய் டைமர்_லிஸ்ட் பாயின்டர் வந்துச்சே, அது. கெர்னலுக்கு வெளியே இருந்த ஒரு டிரைவர்ல டைமருக்கு டேட்டா கொடுக்கற வரியை எடுத்துட்டு, ஹேண்ட்லருக்கு முன்னாடி வாய்டு-ஸ்டார் காஸ்ட் (டைப்பை வலுக்கட்டாயமா மாத்தறது) போட்டு பில்டை ஓட வெச்சிருந்தாங்க. டைப் பொருந்தலைன்னு வரவேண்டிய எரர் வரலை. பழைய ஹேண்ட்லர் டைமரோட முகவரியையே தன் ஸ்ட்ரக்ட்னு நம்பிடும். டைமர் முதல் மெம்பரா இருந்தா ரெண்டு முகவரியும் ஒண்ணு, ஓடும். அதுக்கு மேல யாராவது ஒரு ஃபீல்ட் சேர்த்த அன்னைக்கு மெமரி நாசம். மாத்தறதுக்கு முன்னாடியே காஸ்ட்டையெல்லாம் கிரெப்ல (grep, டெக்ஸ்ட் தேடற கருவி) தேடிப் பிடுங்கிடுங்க.

நள்ளிரவு_பில்ட்:
@சி_வாசகன், கையால பாருங்கன்னு சொல்றது சரி, ஆனா எதைப் பார்க்கணும்னு தெரிஞ்சதே புதுப் பேர் கொடுத்ததாலதான். பேரும் டைப்பும் அப்படியே, அர்த்தம் மட்டும் வேறன்னு மாத்தியிருந்தா, வேற கிளைல எழுதிட்டிருக்கற கோடு சத்தமில்லாம பில்ட் ஆகி உள்ளே வந்துடும். அர்த்தம் மாறினா பேர் மாறியே ஆகணும்.

யாரும் கேட்கலை, இருந்தாலும் வரிசையைச் சொல்லிடறேன். முதல்ல புது ஃபங்ஷன் மட்டும். அப்புறம் காக்ஸினெல் (Coccinelle, சி கோடைத் தானா மாத்தற கருவி) ஸ்கிரிப்ட்டால சப்சிஸ்டம் சப்சிஸ்டமா பேட்ச். புதுசா யாரும் பழைய பேரைப் போடாம செக்பேட்ச்ல (பேட்ச்சைச் சோதிக்கற கெர்னல் ஸ்கிரிப்ட்) தடுப்பு. டெப்ரிகேட்டட் வார்னிங்கை (இது பழசு, பயன்படுத்தாதேன்னு கம்பைலர் சொல்றது) நம்பாதீங்க, கெர்னல்லயே 2018-ல அதை அணைச்சுட்டாங்க: யாரும் திருத்தறதில்லை, நிஜமான வார்னிங்தான் அதுக்கடியில புதையுது. பழையதை அழிக்கற பேட்ச், புதுக் கோடை உள்ளே சேர்க்கற மெர்ஜ் விண்டோ முடியற நேரம், ஆர்சி1-க்கு (முதல் சோதனை வெளியீடு) சற்று முன்னாடி போகணும். அதுவரைக்கும் பழைய பேர்ல புதுக் கால்கள் (ஃபங்ஷனைக் கூப்பிடற இடங்கள்) வந்துக்கிட்டேதான் இருக்கும். எக்ஸ்86 ஆல்மாட்கான்ஃபிக் (முடிஞ்ச எல்லாத்தையும் மாட்யூலா சேர்த்துப் பண்ற பில்ட்) மட்டும் பச்சையா இருந்தா போதாது. ஆர்ம்64, பவர்பிசி, எஸ்390-னு மத்த பிராசஸர் வகை மூணுலயும் பில்ட் பண்ணுங்க, அங்க மட்டும் கம்பைல் ஆகற டிரைவர்கள் நிறைய.

தஞ்சை_டெவ்:
அத்தனையும் பண்ணாலும் கிரெப்ல சிக்காத கால் ஒண்ணு உண்டு. மேக்ரோக்குள்ள ரெண்டு ஹேஷ் போட்டு பேரை ஒட்டற இடம். முன்பாதி ஒரு இடத்துல, 8, 16, 32 இன்னொரு இடத்துல. முழுப் பேரைத் தேடினா பூஜ்யம். முன்பாதியை ஹேஷோட சேர்த்துத் தேடுங்க. சந்தேகமிருந்தா அந்த ஃபைலை ப்ரீபிராசஸ் மட்டும் பண்ணி, வர்ற டாட்-ஐ ஃபைல்ல தேடுங்க, ஒட்டின பேர் முழுசா நிக்கும்.