பொலிஸில் முறைப்பாட்டைப் பதிய மறுத்தால் திருகோணமலையில் யாரிடம் போகலாம்?

கொட்டியாரம்:
காணிப் பிணக்கில அடிபட்டவரின்ட முறைப்பாட்டை எழுதாம, "சமாதானமாப் போங்கோ" எண்டு நிலையத்தில திருப்பி அனுப்பினா அடுத்து என்ன வழி? கொழும்புக்குப் போகவேணுமா? தமிழில எழுதலாமா?

உப்புவெளி:
பொலிஸாருக்கு எதிரான முறைப்பாட்டை விசாரிக்கிறது தேசிய பொலிஸ் ஆணைக்குழு. அவசர இலக்கம் 1960. மாகாண அலுவலகங்களும் இருக்கு. கிழக்குக்கு உரியது எங்க எண்டு அந்த இலக்கத்திலயே கேளுங்க. ஆனா போனோட விடவேண்டாம். எழுத்தில, பதிவுத் தபாலில அனுப்பி, தபால் கந்தோர் தாற துண்டைப் பிரதியோட சேர்த்துக் குத்தி வையுங்க. தமிழில எழுதலாம், தமிழிலயே பதில் கேட்கலாம். அது அரசியலமைப்பு தந்த உரிமை.

கடிதத்தில நிலையத்துக்குப் போன திகதி, நேரம், மறுத்த உத்தியோகத்தரின்ட பெயர் அல்லது சீருடை இலக்கம், அவர் சொன்ன சொல் அப்படியே, கூட நிண்டவர் யார், உங்கட அடையாள அட்டை இலக்கம் எல்லாம் வேணும். "பொலிஸ் எப்பவும் இப்பிடித்தான்" எண்டு ரெண்டு பக்கம் எழுதினா, விசாரிக்கிறவருக்குப் பிடிக்க ஒண்டும் இருக்காது.

மூதூர்_சட்டம்:
பதிய மறுத்த விசயத்துக்கு முதல்ல பொறுப்பதிகாரிக்கு மேல உள்ள உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிட்டப் போங்க, அது கெதியான வழி. காயம் இருந்தா அதுக்கும் முந்தி பெரியாஸ்பத்திரி. யார், எதால அடிச்சது எண்டு டொக்டரிட்டச் சொல்லி எழுதுவியுங்க. "விழுந்திட்டன்" எண்டு சொல்லி அது பதிவாகினா பிறகு மாத்திறது பெரும்பாடு.

நிலாவெளி77:
அடிச்சது பொலிஸே எண்டா மனித உரிமைகள் ஆணைக்குழுவிட்டயும் போங்க. இலக்கம் 1996, திருகோணமலையிலயே பிராந்திய அலுவலகம் இருக்கு. இதில காலம்தான் உயிர்: அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில 1 மாதத்துக்குள்ள போடவேணும். அந்த மாதத்துக்குள்ள ஆணைக்குழுவில முறையிட்டா, விசாரணை நடக்கிற காலம் கணக்கில வராது. ஆனா கடிதம் குடுத்த துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையிலயே நடக்குது எண்டு காட்டவேணும். முறைப்பாட்டு இலக்கத்தையும் ஆணைக்குழு அனுப்பிற கடிதங்களையும் பத்திரப்படுத்துங்க.

கொட்டியாரம்:
வாக்குமூலத்தைச் சிங்களத்தில எழுதிக் கையெழுத்துக் கேட்டா?

மூதூர்_சட்டம்:
வாசிக்கத் தெரியாததில கையெழுத்து வைக்காதீங்க. தமிழில எழுதச் சொல்லுங்க. மறுத்தா, நேரத்தோட அதையும் பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதிற கடிதத்தில சேருங்க.